வெந்த புண்ணுக்கு மை: தோலை அச்சடிக்கும் பிரிண்டர்கள்

இந்த எபிசோடை எங்க அத்தையோட வலது கையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. தீபாவளிக்கு ரெண்டு நாள் இருக்கு. அத்தை முறுக்கு சுட்டுட்டு இருந்தாங்க. வாணலியை அடுப்புல இருந்து இறக்கும்போது கைப்பிடித் துணி வழுக்கி, கொதிக்கிற எண்ணெய் முன்னங்கை முழுக்கக் கொட்டிருச்சு. சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டுப் பாட்டி, பேரனோட ஸ்கூல் பேகைத் திறந்து, இங்க் பாட்டிலை எடுத்து, அப்படியே கை மேல கவுத்துட்டாங்க. நம்ம ஊர்ல தீக்காயத்துக்கு இங்க், டூத்பேஸ்ட், இட்லி மாவுன்னு ஒரு பெரிய மருந்துக் கடையே வீட்டுக்குள்ள இருக்கும்ல, அந்த வழக்கம்தான்.

ஆஸ்பத்திரியில டாக்டர் முதல்ல கேட்டது இதைத்தான்: "இந்த நீலம் போற வரைக்கும் காயம் எவ்வளவு ஆழம்னு நான் எப்படிம்மா பாக்குறது?"

சில நாள் கழிச்சு, இது தானா ஆறாது, தோல் எடுத்து ஒட்டணும்னு சொன்னாங்க. எங்க இருந்து? தொடையில இருந்து. அத்தை என்னைப் பாத்துக் கேட்டாங்க: "வெந்தது கைடா. எதுக்குடா தொடையில கத்தி வைக்கிறாங்க?"

அன்னைக்கு எனக்குப் பதில் தெரியல. இந்த எபிசோடு அதுக்கான பதில்தான். அதோட இன்னொரு விஷயமும் இருக்கு. அந்தக் கேள்வியே எதிர்காலத்துல வராம இருக்கணும்னு சில ஆய்வுக்கூடங்கள்ல வேலை நடக்குது. அங்கயும் தீக்காயத்து மேல மைதான் ஊத்துறாங்க. ஆனா அந்த மையில இருக்குறது உயிருள்ள செல்கள்.

தோல் ஏன் சில நேரம் தானா ஆறுது, சில நேரம் ஆறல?

பிரிண்டர் பக்கம் போறதுக்கு முன்னாடி தோலைக் கொஞ்சம் புரிஞ்சுக்கலாம். வளர்ந்த ஒருத்தரோட தோலை விரிச்சுப் போட்டா சுமார் 1.5-ல இருந்து 2 சதுர மீட்டர் வரும். நம்ம உடம்போட ரொம்பப் பெரிய உறுப்புகள்ல ஒண்ணு.

அதுல மேல இருக்குறது மேல்தோல். உடம்போட பெரும்பாலான இடத்துல அதோட தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். ஒரு ஏ4 பேப்பரைத் தொட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட அவ்வளவுதான். தண்ணி வெளிய போகாம, கிருமி உள்ள வராம காக்குற வேலை இந்தப் பேப்பரோடது. இதுல பெரும்பாலும் இருக்குறது கெரட்டினோசைட்னு சொல்ற செல்கள். அடியில பிறந்து, மெதுவா மேல ஏறி, செத்து, உதிர்ந்து போகும். இந்தச் சுழற்சிக்கு ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும்.

அதுக்குக் கீழ உள்தோல். இது தடிமனா இருக்கும். தோலுக்கு வலுவும் இழுபடுற தன்மையும் தர்ற கொலாஜன் இங்கதான் இருக்கு. அதை உருவாக்குற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள், ரத்தக்குழாய், நரம்பு, வேர்வைச் சுரப்பி, முடியோட வேர் எல்லாமே இந்த அடுக்குலதான்.

இங்க ஒரு அழகான ஏற்பாடு இருக்கு. மேல்தோலை மறுபடி வளர்க்குற விதைச் செல்கள் முடியோட வேர்லயும் வேர்வைச் சுரப்பிகள்லயும், அதாவது உள்தோலோட ஆழத்துலயும் ஒளிஞ்சிருக்கு. மாடு புல்லை மேல மேஞ்சுட்டுப் போனாலும் வேர் இருந்தா மறுபடி துளிர்க்கும்ல? அது மாதிரி, காயம் மேலோட்டமா இருந்தா ஒவ்வொரு முடிக்குழியில இருந்தும் புதுத் தோல் முளைச்சு வந்து ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கும்.

ஆனா சூடு உள்தோலோட அடி வரைக்கும் போயிட்டா வேரும் சேந்து வெந்துரும். அப்போ புதுத் தோல் காயத்தோட ஓரத்துல இருந்து மட்டும்தான் ஊர்ந்து வர முடியும். பெரிய காயம்னா அது வந்து சேர்றதுக்குள்ள உடம்புல இருந்து நீர் போயிட்டே இருக்கும், கிருமி உள்ள வந்துரும். இன்னொரு ஆபத்தும் இருக்கு. காத்திருந்து பொறுமை போன உடம்பு, காயத்தை நாலா பக்கமும் இழுத்துச் சுருக்கி மூடப் பாக்கும். முழங்கைல காயம்னா கை மடங்கினது மடங்கினபடியே நின்னுரும். கழுத்துல காயம்னா தாடை நெஞ்சோட ஒட்டிக்கும். உயிர் பிழைச்சவங்களோட மீதி வாழ்க்கையை முடக்கிப் போடுறது பல நேரம் இந்தச் சுருக்கம்தான்.

உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் 1,80,000 பேர் தீக்காயத்துல இறந்து போறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இந்தியாவுல மட்டும் வருஷத்துக்கு 10 லட்சத்துக்கும் மேல பேருக்கு நடுத்தரமான அல்லது மோசமான தீக்காயம் ஏற்படுதுன்னும் அதே நிறுவனம் சொல்லுது. அதுல ஒருத்தர்தான் எங்க அத்தை.

தொடையில ஏன் கத்தி?

இப்போ அத்தையோட கேள்விக்கு வருவோம். வேர் போன இடத்துல வேரோட இருக்குற தோலைக் கொண்டு வந்து வெச்சாத்தான் பிழைக்கும். இன்னொருத்தரோட தோலை வெச்சா உடம்போட நோய் எதிர்ப்பு மண்டலம் ரெண்டு மூணு வாரத்துல அதைத் தள்ளிரும். அதனால நிரந்தரமா ஒட்டணும்னா சொந்தத் தோல்தான் வேணும்.

டெர்மடோம்னு ஒரு கருவி இருக்கு. தச்சர் கையில இருக்குற இழைப்புளி மாதிரி, தொடையில இருந்து மெல்லிசா ஒரு சீவல் எடுக்கும். மேல்தோல் முழுசும், உள்தோல்ல கொஞ்சமும் அதுல வரும். மிச்ச உள்தோல் தொடையிலயே இருக்குறதால, வேர் இருக்கு, ரெண்டு வாரத்துல அந்த இடம் தானா மூடிக்கும். எடுத்த சீவலை ஒரு மெஷின்ல விட்டு வரிசையாக் கீறி, வலை மாதிரி இழுத்துப் பெருசாக்கி, காயத்து மேல பரப்புவாங்க. வலையோட ஓட்டைகளைச் சுத்தி இருக்குற தோல் வளந்து மூடும். ஆனா அந்த வலைத் தடம் பல பேருக்கு ஆயுசுக்கும் தெரியும்.

வலி எங்கன்னு நெனைக்கிறீங்க? ஆழமான தீக்காயத்துல நரம்பு முனைகளும் வெந்து போயிரும். தோல் எடுத்த தொடையில நரம்பு முனைகள் உயிரோட, திறந்தபடி கிடக்கும். "சுட்டது கை. ஆனா ராத்திரி தூங்க விடாம பண்ணது தொடைதான்"னு அத்தை இன்னைக்கும் சொல்லுவாங்க. வெந்த புண்ணுல வேல் பாய்ச்சுறதுன்னு பழமொழி சொல்லுவோம். இங்க வேல் பாய்ஞ்சது வேகாத இடத்துல.

அத்தைக்குக் காயம் ஒரு முன்னங்கைதான். இப்போ ஒரு கணக்குப் போடுவோம். உங்க உள்ளங்கை, விரல்களோட சேர்த்து, உங்க உடம்போட தோல்ல சுமார் 1 சதவீதம். தீக்காய வார்டுல அவசரத்துக்கு இப்படித்தான் அளப்பாங்க. ஒருத்தருக்கு உடம்புல 70 சதவீதம் வெந்திருக்குன்னு வைங்க. மீதி 30 உள்ளங்கை. அதுல முகம், கை, பாதம் எல்லாம் எடுக்க முடியாது. இருக்குற கொஞ்ச இடத்துல தோலை எடுத்து, அது ஆற ரெண்டு வாரம் காத்திருந்து, அதே இடத்துல மறுபடி எடுக்கணும். கடன் வாங்கிக் கடன் அடைக்கிற கதைதான். அதுக்குள்ள கிருமி முந்திக்கும்.

ஆக, தீக்காய மருத்துவத்துல தட்டுப்பாடு ரெண்டு விஷயத்துக்குத்தான்: ஒண்ணு சொந்தத் தோல், இன்னொண்ணு நேரம். இந்த ரெண்டையும் மனசுல வெச்சுக்கோங்க. இனி வர்ற ஒவ்வொரு கண்டுபிடிப்பும் இந்த ரெண்டுல ஒண்ணை மிச்சம் பிடிக்கப் பாக்குறதுதான்.

தட்டுல வளந்த தோல், ஸ்ப்ரேல வந்த தோல்

1975-ல அமெரிக்காவோட எம்.ஐ.டி-யில ஹோவர்ட் கிரீன், ஜேம்ஸ் ரைன்வால்ட்னு ரெண்டு பேர் மனுஷனோட கெரட்டினோசைட் செல்களை ஆய்வுக்கூடத் தட்டுல பெருக வைக்க வழி கண்டுபிடிச்சாங்க. வளர்ச்சியை நிறுத்தி வெச்ச எலிச் செல்களைக் கீழ ஒரு படுக்கையாப் போட்டு, அது மேல இந்தச் செல்களை வளத்தாங்க. ஒரு சின்னத் துண்டுத் தோல் சில வாரத்துல ஆயிரக்கணக்கான மடங்கு பெருகுச்சு.

1983-ல அது பெரிய சோதனைக்கு வந்துச்சு. அமெரிக்காவுல 5 வயசும் 6 வயசும் ஆன அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கு உடம்புல 95 சதவீதத்துக்கு மேல தீக்காயம். பாஸ்டனுக்குக் கொண்டு வந்தாங்க. அவங்களோட அக்குள் பக்கம் தப்பிச்சிருந்த துளித் தோலை எடுத்து, தட்டுல வளத்து, உடம்போட கிட்டத்தட்ட பாதி இடத்துக்கு அந்தத் தோலைப் போட்டாங்க. ரெண்டு பசங்களும் பிழைச்சாங்க. அடுத்த வருஷம் இது மருத்துவ இதழ்ல கட்டுரையா வந்தப்போ, அதுவரைக்கும் கைவிட்ட கேஸ்னு சொன்னதுக்கெல்லாம் ஒரு வழி இருக்குன்னு தெரிஞ்சுது.

ஆனா ரெண்டு குறை. முதல்ல, வளர மூணு வாரம் ஆகும். அடுத்தது, வளர்றது மேல்தோல் மட்டும்தான், சில செல்கள் தடிமன். கீழ உள்தோல் இல்லாததால சரியா ஒட்டாது, லேசா உரசினாலே கொப்புளம் வரும். சுவத்துக்குப் பூச்சு இல்லாம பெயின்ட் அடிச்ச மாதிரி.

பூச்சுக்கான முயற்சி அதே ஊர்ல நடந்துட்டு இருந்துச்சு. ஜான் பர்க்னு ஒரு அறுவை சிகிச்சை நிபுணரும், எம்.ஐ.டி-யில இருந்த ஐயோனிஸ் யானஸும் சேந்து, மாட்டுக் கொலாஜனையும் சுறாமீன் குருத்தெலும்புல இருந்து எடுத்த ஒரு பொருளையும் கலந்து, ஸ்பாஞ்ச் மாதிரி ஒரு தாள் செஞ்சாங்க. 1981-ல அதோட முடிவுகளை வெளியிட்டாங்க. காயத்து மேல வெச்சா, உடம்போட செல்கள் அதுக்குள்ள குடியேறி, அதைச் சாரமா வெச்சுக்கிட்டு உள்தோலைத் தானே கட்டிக்கும். கட்டடம் முடிஞ்சதும் சாரம் கரைஞ்சு போயிரும்.

அடுத்தது ஆஸ்திரேலியாவோட பெர்த் நகரம். ஃபியோனா வுட்னு ஒரு அறுவை சிகிச்சை நிபுணர் கேட்ட கேள்வி: தட்டுல முழுத் தோலா வளர ஏன் காத்திருக்கணும்? செல்களைப் பிரிச்சு அப்படியே காயத்து மேல தெளிச்சா என்ன? காயமே தட்டா இருந்துட்டுப் போகட்டுமே? 2002-ல பாலி குண்டுவெடிப்புல தீக்காயம் பட்டவங்க பெர்த்துக்கு வந்தப்போ அவங்க சிகிச்சை உலகத்துக்கே தெரிய வந்துச்சு. தெளிக்கிற இந்த முறையில, எடுத்த தோலை விட 80 மடங்கு பெரிய இடத்தை மூட முடியும். 2018-ல அமெரிக்காவும் அனுமதி கொடுத்துச்சு. ஆனா முழு ஆழத்துக்கு வெந்த காயத்துக்கு ஸ்ப்ரே தனியாப் போதாது, வலைத் தோலும் சேத்துத்தான் போடணும். காரணம் அதேதான்: கீழ பூச்சு வேணும்.

எந்தச் செல் எந்த ஆழத்துல, எந்த இடத்துல விழணும்னு ஸ்ப்ரேக்குத் தெரியாது. அது தெரிஞ்ச மெஷின் ஒண்ணு நம்ம எல்லா ஆபீஸ் மூலையிலயும் பல வருஷமா உக்காந்துட்டு இருந்துச்சு.

ஜெராக்ஸ் கடைப் பொருள் ஆய்வுக்கூடத்துக்குப் போன கதை

இங்க்ஜெட் பிரிண்டர் என்ன பண்ணுது? கண்ணுக்குத் தெரியாத அளவு மைத்துளிகளை, சொன்ன இடத்துல, சொன்ன கலர்ல, பிசகாம வைக்குது. அந்தத் துளிக்குள்ள ஒரு செல் தாராளமா உக்காரும்.

1988-ல ராபர்ட் கிளீப்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி சாதாரண இங்க்ஜெட் பிரிண்டர்ல மைக்குப் பதிலா, செல்கள் ஒட்டிக்கிற ஒரு புரதத்தை ஊத்தி அச்சடிச்சார். அச்சடிச்ச இடத்துல மட்டும் செல்கள் ஒட்டிச்சு. 2003 வாக்குல கிளெம்சன் பல்கலைக்கழகத்துல தாமஸ் போலண்டும் அவரோட மாணவர்களும் ஆபீஸ் பிரிண்டர்களைப் பிரிச்சு மாத்தி, உயிருள்ள செல்களையே அச்சடிச்சுக் காட்டினாங்க. பிரிண்டர் தலையில மை ஒரு நொடிக்குச் சூடாகும். செல் செத்துராதான்னு கேப்பீங்க. அந்தச் சூடு நீடிக்கிறது நொடியோட லட்சத்துல ஒரு பங்கு மாதிரியான நேரம்தான். பெரும்பாலான செல்கள் தப்பிச்சிருச்சு.

இப்போ முக்கியமான விஷயம், மை. இதுக்கு பயோ-இங்க்னு பேர். உயிர் மைன்னு வெச்சுக்கலாம். இதைப் புரிஞ்சுக்க இடியாப்ப உரலை நெனைச்சுப் பாருங்க. மாவு கெட்டியா இருந்தா உங்க கை வலிக்கும், பிழியவே முடியாது. இளகலா இருந்தா தட்டுல விழுந்ததும் கூழாயிரும், நூலா நிக்காது. உயிர் மையிலயும் இதே பாடுதான், கூட ஒரு சிக்கல்: கெட்டி மையை அழுத்திப் பிழிஞ்சா உள்ள இருக்குற செல்கள் நசுங்கிச் சாகும்.

இதுக்கு ஒரு விடை நம்ம ரத்தத்துலயே இருக்கு. கையில கீறல் பட்டா ரத்தம் எப்படி உறையுது? ஃபைப்ரினோஜென்னு ஒரு புரதம், த்ராம்பின்னு ஒரு நொதி. ரெண்டும் சேந்தா ஃபைப்ரின்னு வலை உருவாகிக் கெட்டியாயிரும். எம்-சீல் வாங்கிக் குழாய் ஒழுகலை அடைச்சிருப்பீங்கள்ல? தனித்தனியா இருக்குற வரைக்கும் ரெண்டும் இளகல், சேத்துப் பிசைஞ்சா இறுகிரும். அதே யோசனை. ஒரு முனையில செல்லும் ஃபைப்ரினோஜெனும், இன்னொரு முனையில த்ராம்பின். ரெண்டும் காயத்து மேல சந்திக்கும்போது உறையும். வெளிய வர்ற வரைக்கும் இளகல், விழுந்த பிறகு கெட்டி. செல்லும் நசுங்கல, வடிவமும் நிக்குது.

அச்சடிச்சு ஒட்டுறதா, ஒட்டுற இடத்துலயே அச்சடிக்கிறதா?

இதுல ரெண்டு கட்சி இருக்கு.

முதல் கட்சி, ஆய்வுக்கூடத்துல தோலா அச்சடிச்சு எடுத்துட்டு வந்து வைக்கிறவங்க. ஸ்பெயின்ல மாட்ரிட் கார்லோஸ் III பல்கலைக்கழகத்துல ஹோசே லூயிஸ் ஹோர்கானோவோட குழு 2016 கடைசியில ஒரு முடிவை வெளியிட்டாங்க. மனுஷ ரத்தப் பிளாஸ்மா, அதை உறைய வைக்கிற கால்சியம், ஃபைப்ரோபிளாஸ்ட், கெரட்டினோசைட். மை இதுதான். கீழ உள்தோல், மேல மேல்தோல். 100 சதுர சென்டிமீட்டரை 35 நிமிஷத்துக்குள்ள அச்சடிச்சாங்க. அந்தத் தோலை எலிகள் மேல ஒட்டிப் பாத்தாங்க, வளந்துச்சு.

நம்ம உள்ளங்கைக் கணக்குக்குக் கொண்டு வந்தா, ஒரு உள்ளங்கை அளவுத் தோலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். நல்ல வேகம்தான். ஆனா கவனிங்க, அச்சடிக்கிறதுக்குத்தான் ஒரு மணி நேரம். அந்த மைக்கான செல்களைப் பெருக்க அதே பழைய சில வாரங்கள் ஆகும். பிரிண்டர் ரெடி, கார்ட்ரிட்ஜ் இன்னும் வரல!

ரெண்டாவது கட்சி, நோயாளி மேலயே அச்சடிக்கிறவங்க. அமெரிக்காவுல வட கரோலினாவோட வேக் ஃபாரஸ்ட் நிறுவனத்துல ஆண்டனி அட்டாலாவோட குழு செஞ்ச மெஷின் முதல்ல காயத்தை லேசர் ஸ்கேனர்ல அளக்கும். காயம் சமதளம் கிடையாதுல்ல, மேடு பள்ளமா இருக்கும். அந்த வரைபடத்தை வெச்சு, பள்ளத்துல ஃபைப்ரோபிளாஸ்ட் நிரப்பி, மேல கெரட்டினோசைட் போடும். 2019-ல எலிகள் மேலயும், பன்றிகள் மேல 10-க்கு 10 சென்டிமீட்டர் காயத்துலயும் செஞ்ச சோதனை முடிவுகள் வந்துச்சு. ஏன் பன்றின்னா, அதோட தோல் ஆறுற விதம் நம்ம தோலுக்குக் கிட்ட இருக்கும். அந்தப் பன்றியோட சொந்தச் செல்களை வெச்சு அச்சடிச்ச காயம் சீக்கிரம் மூடிச்சு, சுருக்கமும் கம்மியா இருந்துச்சு. வேற பன்றியோட செல்களுக்கு அந்தப் பலன் கிடைக்கல. பிரிண்டர் எவ்வளவு நல்லதா இருந்தாலும், மை சொந்த மையாத்தான் இருக்கணும் போல.

கனடாவுல டொரான்டோ பல்கலைக்கழகத்துல ஆக்ஸல் குன்தரோட குழு செஞ்சது எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2018-ல அவங்க காட்டின கருவி ஒரு கிலோவுக்கும் கம்மி எடை. கையில பிடிச்சுக்கலாம். ஸ்கூல்ல கரெக்‌ஷன் டேப் இழுப்போமே, அது மாதிரி காயத்து மேல உருட்டிட்டே போனா பட்டையாத் தோல் மை படிஞ்சுட்டு வரும். 2020-ல பன்றிகளோட ஆழமான தீக்காயத்துல அதைச் சோதிச்சு, நல்லா ஆறுதுன்னு எழுதினாங்க.

அப்போ பிரச்சினை தீந்துச்சா?

இல்ல. இங்கதான் யூடியூப் தம்ப்நெயிலுக்கும் நெசத்துக்கும் உள்ள தூரம் இருக்கு.

முதல் பிரச்சினை ரத்தம். ஒரு செல் உயிரோட இருக்கணும்னா பக்கத்துல, ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒண்ணு ரெண்டு பங்கு தூரத்துக்குள்ள, ரத்தக்குழாய் இருக்கணும். தடிமனா அச்சடிச்சா, கீழ இருந்து ரத்தக்குழாய் முளைச்சு வர்றதுக்குள்ள மேல இருக்குற செல் பசியில சாகும்.

ரெண்டாவது, நம்ம தோல் ரெண்டு செல் வகை மட்டும் இல்ல. நிறம் தர்ற செல் வேணும். நரம்பு வேணும். முடி வேணும். எல்லாத்துக்கும் மேல வேர்வைச் சுரப்பி வேணும். இது அழகுப் பிரச்சினை மாதிரித் தெரியும், ஆனா இல்ல. அத்தையோட வலது கையில ஒட்டின இடம் வேர்க்காது. மே மாசத்துல உடம்பெல்லாம் வேர்த்து ஊத்தும், அந்த இடம் மட்டும் காஞ்சு கிடக்கும். அவங்களுக்கு அது ஒரு கைதான். உடம்புல பாதி அப்படி இருக்குறவங்களுக்கு வெயில் காலம்னா உயிர்ப் பயம், ஏன்னா உடம்பைக் குளிர வைக்க வழியே இல்ல.

மூணாவது, சோதனை. எலியில ஜெயிச்சது மனுஷன்ல ஜெயிக்கணும்னு கட்டாயம் கிடையாது. அதனால மனுஷங்க மேல ரொம்பச் சின்னதா, பாதுகாப்பானதுல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

அப்படி ஒண்ணு ஆரம்பிச்சது. 2025-ல சிட்னியோட கான்கார்ட் மருத்துவமனையில, லிகோன்னு ஒரு ரோபோவை அறுவை சிகிச்சை அரங்குக்குள்ளயே வெச்சு, நோயாளியோட சொந்தச் செல்களைக் காயத்து மேல அச்சடிக்கிற முதல் கட்டச் சோதனை. அவங்க எந்தக் காயத்துல ஆரம்பிச்சாங்க தெரியுமா? வெந்த காயத்துல இல்ல. தோல் எடுத்த காயத்துல. அந்தத் தொடைப் புண்ணு!

இதைப் படிச்சப்போ எனக்கு ஒரு நிமிஷம் அத்தை முகம்தான் ஞாபகம் வந்துச்சு. யோசிச்சா அதுல நியாயம் இருக்கு. தானா ஆறக்கூடிய காயம்ங்கிறதால ஆபத்து கம்மி. வலி அதிகம்ங்கிறதால, சீக்கிரம் ஆறினா கிடைக்கிற நிம்மதி பெருசு. தீக்காயம் பட்டவங்க முனகுறப்போ இத்தனை நாளா யாரும் பெருசா எடுத்துக்காத அந்த ரெண்டாவது புண்ணு, இந்தத் தொழில்நுட்பத்தோட முதல் வாசலா ஆயிருக்கு.

பிரிண்டர் வர்ற வரைக்கும் நம்ம கையில என்ன இருக்கு?

ரெண்டு விஷயம் இருக்கு. ரெண்டுக்கும் செலவு கிடையாது.

ஒண்ணு, குழாய்த் தண்ணி. சுட்ட உடனே வளையல், மோதிரத்தைக் கழட்டிட்டு, ஓடுற சாதாரணத் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. ரெண்டு நிமிஷம் இல்ல, இருபது. எண்ணெய் கொட்டி முடிஞ்ச பிறகும் சூடு தோலுக்குள்ள இறங்கிட்டே இருக்கும். அது வேர் வரைக்கும் போறதுக்கு முன்னாடி தடுக்கிற ஒரே ஆள் தண்ணிதான். ஐஸ் வேண்டாம், அது தோலை இன்னும் கெடுக்கும். பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ரெண்டு, தோல் தானம். கண் தானம் தெரியும், இது பல பேருக்குத் தெரியாது. ஒருத்தர் இறந்து 6 மணி நேரத்துக்குள்ள தொடை, கால், முதுகுல இருந்து மெல்லிசா ஒரு அடுக்கு மட்டும் எடுப்பாங்க. ரத்தப்பிரிவு பொருந்தணும்னு அவசியம் இல்ல. கிளிசரால்ல வெச்சா 5 வருஷம் வரைக்கும் பாதுகாக்கலாம். இது நிரந்தரமா ஒட்டாதுன்னு முன்னாடியே சொன்னேன். ஆனா அந்த ரெண்டு மூணு வாரம் காயத்தை மூடி வெக்கும். நீர் போகாது, கிருமி வராது, சொந்தத் தோல் ஆறுறதுக்கோ தட்டுல வளர்றதுக்கோ அவகாசம் கிடைக்கும். தட்டுப்பாடு ரெண்டுன்னு சொன்னேன்ல, தோலும் நேரமும்? இது நேரத்தைத் தானம் பண்றது.

இந்த எபிசோடுக்குக் குறிப்பு எழுதி முடிச்சுட்டு அத்தைக்குப் போன் பண்ணேன். பிரிண்டர், ரோபோ, உயிர் மை எல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டாங்க.

"அப்போ அடுத்த தடவை தொடையை விட்ருவாங்களாடா?"

"முழுசா விட மாட்டாங்க அத்தை. செல் எடுக்கக் கொஞ்சம் வேணும். ஆனா தபால் தலை அளவு எடுத்தாப் போதும்னு ஆக்கப் பாக்குறாங்க."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: "அதுக்கெல்லாம் எதுக்கு அடுத்த தடவை? இந்தத் தீபாவளிக்கு வந்து எண்ணெய்ச் சட்டியை நீ இறக்கி வை."

சரி மக்களே, நான் முறுக்கு சுடப் போறேன். குழாய்ல தண்ணி வருதான்னு பாத்துட்டுத்தான் அடுப்பைப் பத்த வைப்பேன். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.